சிறியாநங்கை கசந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்

பாம்பு கடித்ததும் வண்டியைத் தேடுவதற்கு முன் சிறியாநங்கை இலையைத் தேடுகிறார்கள். மென்றால் கசக்கிறதா, விஷம் ஏறவில்லை, இனிக்கிறதா, நல்லபாம்பு. இப்படி ஒரு தீர்ப்பு. கசந்தது என்று நிம்மதியாகப் படுத்தவர் விடிவதற்குள் போய்ச் சேர்ந்த கதையை ஊருக்கு ஊர் கேட்கிறேன். நாக்கு விஷத்தைக் கண்டுபிடிக்காது.

செடியின் மேல் குற்றமில்லை. நிலவேம்பு என்று சித்த மருத்துவம் சொல்வதையே பல ஊர்களில் சிறியாநங்கை என்கிறார்கள். ஆடாதோடை, கனகாம்பரத்தின் குடும்பம். அதே பெயரில் வேறு செடிகளும் விற்கப்படுவதால் பார்த்து வாங்குங்கள். தண்டை விரலால் உருட்டினால் நான்கு பட்டை தெரியும். மிளகாய் இலை போன்ற கூர்மையான இலைகள் எதிரெதிராக இருக்கும். பூ சிறியது, வெள்ளை, இதழில் ஊதாக் கீற்று. வேர் முதல் நுனி வரை கசப்பு.

விதை மிகப் பொடியானது. மணலோடு கலந்து பாத்தியில் தூவுங்கள். நாற்று ஒரு மாதம் வளர்ந்ததும் பிடுங்கி நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. பூக்கத் தொடங்கும்போது அடியில் சிறிது விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். கர்ப்பிணிகள் இதைத் தாமாகக் குடிக்கக் கூடாது. வாசலில் நட்டால் பாம்பு வராது என்பதையும் நம்பாதீர்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் பெரும்பாலும் தெரியாது. வயிற்று வலி, இமை சரிவு என்று தொடங்கி மூச்சு நிற்பதில் போய் முடியும். அந்த நேரத்தில் இலை மென்றுகொண்டிருப்பது உயிரை விலை பேசுவது.

செய்ய வேண்டியது இதுதான். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது ஒன்றே. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியதா என்று பார்க்க ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைப்பார்கள், உறையாவிட்டால் விஷம். சோதனை என்றால் அதுதான் சோதனை.

இனி காகிதம். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்று. ஆகவே சீட்டில் “பாம்புக்கடி” என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக அனுப்பிவிடும் அலட்சியத்தை ஏற்காதீர்கள்.

அந்தக் காகிதம் காப்பீட்டுக்கும் வேண்டும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் இதில் அடங்கும். ஆனால் கடித்த உடனே மருத்துவமனைக்குப் போனதற்கான பதிவு வேண்டும். வீட்டில் இலை மென்று இறந்தவருக்கு அந்தப் பதிவு எங்கிருந்து வரும்? கணக்கு உள்ள வங்கிக் கிளையில் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், மருத்துவமனைப் பதிவு, வாரிசுதாரரின் ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை 30 நாளுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இந்தக் காப்பீடு இருப்பதையே வங்கியில் பலருக்குச் சொல்வதில்லை. 20 ரூபாய் பிடித்திருக்கிறதா, வாரிசுதாரர் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். சிறியாநங்கையை வளருங்கள், பாம்பு கடித்தால் அதன் பக்கம் போகாதீர்கள். கசந்தாலும், இனித்தாலும் மருத்துவமனைதான்.