‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று நேர்காணலில் கேட்டால்

நேர்காணலில் படிப்பு, அனுபவம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு கேள்வி வரும்: “கல்யாணம் ஆயிடுச்சா?” ஆகவில்லை என்றால், “எப்ப பண்ணிக்கப் போறீங்க?” ஆகிவிட்டது என்றால், “குழந்தை?” குழந்தையும் இருக்கிறது என்றால், “யார் பாத்துக்குவாங்க?” எந்தப் பதிலைச் சொன்னாலும் தப்ப முடியாது. ஆண்களிடம் இந்த வரிசையை யாரும் நீட்டுவதில்லை. கல்யாணமான ஆண் என்றால், ‘பொறுப்பானவர், சட்டென்று வேலையை விட மாட்டார்’ என்று அது அவர் கணக்கில் வரவாகிறது. பெண்ணுக்கு அதே கல்யாணம் செலவுக் கணக்கு.

2024 ஜூனில் இந்தக் கேள்வி உலகச் செய்தியானது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில், உற்பத்திப் பிரிவு வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுப்பு, கழற்ற மறுக்கும் நகைகள் எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள்தான் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில், ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகள் விளம்பரத்தில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் போடக் கூடாது என்று நிறுவனம் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. விளம்பரத்தில் போடாமல் இருப்பது சுலபம். கேட்டில் நிற்பவர் காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நூற்பாலைகளில் இதே கதைக்கு வேறு வடிவம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் கல்யாணமாகாத பெண்களாகவே தேடி எடுத்தார்கள். ஆலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டுகள் வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. அது பரிசும் அல்ல, சீதனமும் அல்ல. அவர்கள் ஏற்கெனவே உழைத்துவிட்ட சம்பளம். சம்பளத்தைப் பிடித்து வைத்துக் கடைசியில் தருவேன் என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

சரி, நேர்காணலில் அப்படிக் கேட்பது குற்றமா? கேட்பதை மட்டும் தடுக்கிற சட்டம் தனியார் துறைக்கு நம்மிடம் இல்லை. கேட்டுவிட்டு அதைக் காரணமாக வைத்துப் பெண்ணை நிராகரிப்பதுதான் சிக்கும் இடம். ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கல்யாணமான ஆணை எடுத்துக்கொண்டு கல்யாணமான பெண்ணை மட்டும் திருப்பி அனுப்பினால் அது பாலினப் பாகுபாடு என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் வாதாடக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ‘அன்மேரீட் ஒன்லி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவு, நேர்காணல் நடந்த தேதி, பேசியவர் பெயர், இவ்வளவு இருந்தாலே மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போகும். மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அரசு வேலையில் அரசியல் சாசனமே துணைக்கு வரும். அங்கேயும் வழி சும்மா கிடைத்துவிடவில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர். அவர் காலத்தில் வெளியுறவுப் பணியில் உள்ள பெண், கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இப்படி எதுவும் கிடையாது. 1979இல் அவர் உச்ச நீதிமன்றம் போனபோது நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆனால் இரண்டே ஆண்டில், விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்து செய்த அதே நீதிமன்றம், முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கல்யாணம் கூடாது என்ற விதியில் தவறு காணவில்லை. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த செலினா ஜான், கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988இல் வெளியேற்றப்பட்டார். அது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2024 பிப்ரவரியில். இடையில் 36 ஆண்டுகள். அறுபது லட்சம் பெரிய தொகைதான்; ஒரு செவிலியரின் பணிக்காலம் அதைவிடப் பெரியது.

கல்யாணம் ஆனவர் வேலையில் மனம் ஒன்ற மாட்டார், ஆகாதவர் நிலைக்க மாட்டார், தனியாக இருப்பவர் வாழ்க்கையில் நிறைவு காண மாட்டார் என்றெல்லாம் நம் ஊரில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு, ரிச்சர்ட் லூகாஸ் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கல்யாணத்தை ஒட்டி மனநிறைவு கொஞ்சம் ஏறுகிறது, பிறகு சராசரியாகப் பார்த்தால் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. கல்யாணம் செய்துகொண்டு நிலைத்தவர்கள், அதற்கு முன்பே மற்றவர்களைவிட நிறைவாக இருந்தவர்கள். துணையை இழந்தவர்கள் பழைய நிலையை நெருங்கச் சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆனது. சராசரிக்குப் பின்னால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏராளம். ஜெர்மனிக் கணக்கை அப்படியே நாமக்கல்லுக்குப் பொருத்த முடியாதுதான். இருந்தாலும் தாலி ஏறியதா இல்லையா என்பதை வைத்து ஒருவரின் மனநிறைவை எடைபோட முடியாது என்பதற்கு இது போதும்.

எடைபோட வேண்டியது வேறு ஒன்றை. மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, ஏழே முக்கால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவரிடம் “வேலையில் திருப்தியா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? அவருக்கு மேஸ்திரியைப் பற்றிக்கூடக் குறை இருக்காது. தூங்க நேரமில்லை என்பதுதான் குறை.

அவர் வாங்குகிற சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதும் இதில் சேரும். மாதம் பிறந்தால் ஏடிஎம் கார்டு கணவரின் சட்டைப் பையிலோ மாமியாரின் முந்தானையிலோ இருக்கிறது. பஸ் காசைக் கேட்டு வாங்க வேண்டும். “குடும்பம்னா அப்படித்தான்” என்று நாம் கடந்துபோகிற இந்த விஷயத்துக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையும் அடக்கம். அந்தச் சட்டத்தின் விதிகளோடு வரும் படிவத்தில், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும், வேலைக்கு இடையூறு செய்வதும் வரிவரியாக எழுதப்பட்டிருக்கின்றன. அடி விழுந்தால்தான் புகார் என்று இல்லை. மாவட்டத்தில் சமூக நலத் துறையின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ 15100 எண்ணிலோ கேட்கலாம்.

கர்ப்பம் என்றதும் வேலை போய்விடுமோ என்ற பயம்தான் பலரைக் கல்யாணத்தையே மறைக்க வைக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017 திருத்தத்திலிருந்து சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு இந்தப் பணத்தை இஎஸ்ஐயே தருகிறது. ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்துவிட்டது என்று சொல்லி மகப்பேறு பலனை நிறுத்த முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். நீக்கினால் உத்தரவு கைக்கு வந்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உங்கள் கம்பெனியிலிருந்தே கணக்கெடுக்கத் தொடங்கலாம்.

மகப்பேறு விடுப்புச் சட்டம் ‘பெண்’ என்றுதான் பேசுகிறது, ‘மனைவி’ என்று அல்ல. ஆனாலும் அதிகாரிகள் கல்யாணப் பத்திரிகை கேட்பார்கள். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நீதிமன்ற ஊழியர், கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்டவர், மகப்பேறு விடுப்பு கேட்டார். கல்யாணம் பதிவாகவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுப்பை வழங்கச் சொன்னதோடு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டில் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். முதல் கல்யாணத்தில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் என்பது விடுப்பை மறுக்க அவருக்குச் சொல்லப்பட்ட காரணம்.

கல்யாணத்தை மறைத்து ‘அன்மேரீட்’ என்று படிவத்தில் எழுதி வேலையில் சேர்கிறவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கேட்கக் கூடாத கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அது. ஆனால் அந்தப் பொய் அவர்கள் வீட்டையே பின்னால் கடிக்கும். இஎஸ்ஐ அட்டையில் கணவரும் பிள்ளையும் சேராமல் போவார்கள். ஆஸ்பத்திரி வாசலில்தான் அது தெரியவரும். பிஎஃப் நாமினேஷன் இன்னும் சிக்கல். குடும்பம் இல்லாதபோது ஒருவரை நியமித்துவிட்டு, பிறகு கல்யாணம் செய்துகொண்டால், பழைய நியமனம் தானாகவே செல்லாததாகிவிடும். பணிக்கொடைக்கும் அப்படித்தான். வேலையில் இருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்குப் பிஎஃப் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. நியமனம் சரியில்லாவிட்டால் மனைவியும் மாமியாரும் வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

தனியாக இருப்பவர்கள் பாடு வேறு. “உனக்கென்ன, குடும்பமா குட்டியா?” என்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நைட் ஷிப்ட் அவர்கள் தலையில் விழும். இதற்கு நேரடிச் சட்டம் இல்லை. ஷிப்ட் சுழற்சியை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் வழி, சங்கம் இருந்தால் சங்கம் மூலம். வாடகை வீடு கிடைக்காத பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் சில ஊர்களில் இருக்கின்றன. விவாகரத்தானவர், கணவரை இழந்தவர் என்று தெரிந்ததும் இரட்டை அர்த்தப் பேச்சும் இரவு நேரக் குறுஞ்செய்தியும் தொடங்கினால் அது பாலியல் தொல்லை. மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தின் உள்ளகக் குழுவில் எழுத்தில் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடை, கிளினிக் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மனம் தாங்காத நாட்களில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு, கட்டணம் இல்லை.

டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நேரடி நியமனத்தில், விதிகளில் சொல்லப்பட்ட பதவிகளுக்கு, மகளிருக்கான இடங்களில் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. மறுமணம் செய்யாதவராக, குடும்ப ஓய்வூதியம் உட்பட மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மிகாதவராக இருக்க வேண்டும். கைவிடப்பட்டவர்களும் விவாகரத்தானவர்களும் இதில் வர மாட்டார்கள். நியாயமில்லை என்று எனக்குத் தோன்றினாலும் இன்றைய விதி அதுதான். சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும், தாசில்தாரிடம் அல்ல. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு மனு போட்டால் விசாரணை முடியவே நாளாகும். இப்போதே போட்டு வையுங்கள்.