மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஆகாய வழியில் சுமார் 415 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி 355 கிலோமீட்டர்தான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மீனம்பாக்கமும் பலாலியும் 80 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக இருக்கின்றன. இடையில் பெரும்பகுதி கடல்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் சென்னை–யாழ்ப்பாணம் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால் பயண நேரம் வந்துவிடும்: ஏறக்குறைய ஒன்றேகால் மணி. இந்த வழியில் பறக்கும், விசிறி சுழலும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. அந்தக் கணக்கில் முக்கால் மணியில் போய்ச் சேர வேண்டும். ஆனால் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்வது, உயரே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம். பலாலியின் ஓடுபாதை குட்டையானது என்பதால்தான் இந்தச் சிறிய விமானம்.

இந்த ஒன்றேகால் மணியின் அருமை யாழ்ப்பாணத்தாருக்குத்தான் தெரியும். பலாலியில் வெளிநாட்டுப் பயணிகள் விமானமே இறங்காமல் சுமார் நாற்பது ஆண்டுகள் போயின. அந்தக் காலத்தில் சென்னை மருத்துவமனைக்கு வர நினைத்த ஒரு முதியவர் என்ன செய்தார்? வடக்கே 355 கிலோமீட்டர் போக வேண்டியவர், முதலில் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் இரவெல்லாம் குலுங்கிக் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குப் போனார். அங்கே காத்திருந்து, விமானம் ஏறி, 640 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வந்தார். கட்டுநாயக்கவையும் சென்னையையும் இணைத்துக் கோடு போட்டால், அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே போகிறது. சொந்த ஊரின் வானத்தைக் கடந்து போக அவருக்கு ஒரு முழு நாள் ஆனது. இலங்கையின் உள்நாட்டுப் போர் மனிதர்களிடமிருந்து பறித்தவற்றில் அண்மையும் ஒன்று.

இது புதிய வழியும் அல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து வழியை மூடியது. மறுபடி விமானம் பறந்தது 2022 டிசம்பரில். 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து ஒரு சேவையும் சேர்ந்தன. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே 185 கிலோமீட்டர்தான்!

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியிருக்கிறது, குடியகல்வு வரிசை இருக்கிறது. அதையெல்லாம் கூட்டினாலும் காலையில் சென்னையில் புறப்பட்டவர் அன்றே நல்லூர்க் கோயிலில் கும்பிட்டுவிடலாம்.

ஆள் ஏறாத வழித்தடத்தை எந்த நிறுவனமும் நெடுநாள் நடத்தாது. அடுத்த முறை யாழ்ப்பாணம் போகிறவர்கள், பழக்கதோஷத்தில் கொழும்புக்கு டிக்கெட் தேடாதீர்கள். பலாலிக்குத் தேடுங்கள்.