கரிசல் நிலமும் கம்பெனிப் பங்கும்

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டிப் பக்கம் மழை பொய்த்த வருஷத்தில், குதிரில் தானியம் உள்ளவர் நிலத்தை விற்பதில்லை. கடன்காரன் வாசலில் நிற்க, வேறு வழியற்றவரே வந்த விலைக்குக் கொடுக்கிறார். பங்குச் சந்தையிலும் சங்கதி இதுவேதான்.

பம்பாய்ச் சந்தையின் சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிற்று. 2009 மார்ச்சில் ஏறக்குறைய 8,000-க்கு விழுந்தது. அப்போது பீதியில் விற்றவர்களுக்கு நஷ்டம் நிலைத்துவிட்டது. காத்திருந்தவர்கள் 2010 நவம்பரில் பழைய உயரத்தைக் கண்டார்கள்.

“ஆகவே எதை வாங்கினாலும் விடாமல் வைத்திருங்கள்” என்று உபதேசிக்கும் நண்பர்கள் உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. சென்செக்ஸ் 30 கம்பெனிகளின் கூட்டுக் கணக்கு. நலிந்தது நீங்கி வேறொன்று நுழையும். நம் பெட்டியிலுள்ள ஒற்றைப் பங்குக்கு அந்தச் சலுகை ஏது? கரிசல் நிலம் அடுத்த மழைக்கும் அங்கேயே கிடக்கும், கம்பெனி அப்படியல்ல. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய தேசபக்தர்களுக்குப் பொறுமையா குறைவு? 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது!

கூட்டுக் கணக்கையும் முழுக்க நம்புவதற்கில்லை. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பரில் எட்டிய உயரத்தை மறுபடி கடந்தது 2024 பிப்ரவரியில்தான். 34 வருஷம்! பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்த பணம் அதுவரை காத்திருக்குமா?