முதலில் கதவு, பிறகு கிராஃப்

1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் டோபியாஸ் ஓட்டிக்கர். அங்கிருந்து வெளியுலகுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அதில் எவ்வளவு நெரிசல் என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்கு ஆவல். அவசரத்துக்கு ஒரு நிரல் எழுதி, போக்குவரத்தை வலைப்பக்கத்தில் கிராஃபாகப் போட்டுவைத்தார். அடுத்த ஆண்டு எம்ஆர்டிஜி என்ற பெயரில் வெளியான அந்த நிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தது. சர்வரைக் கண்காணிக்கும் இன்றைய நிரலான நெட்டேட்டா நொடிக்கொரு புள்ளி வைக்கிறது.

அதை நிறுவுவது பெரிய வித்தையில்லை. லினக்ஸ் சர்வரில் ஒரு கட்டளை கொடுத்து, பிரவுசரில் சர்வர் முகவரியோடு 19999 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் நெட்டேட்டா பக்கம் வந்துவிடும். கணக்குப் பார்ப்பதோடு சர்வீஸ்களை நிறுத்தவும் தொடங்கவும் வேண்டுமென்றால் காக்பிட் இருக்கிறது. பத்து, இருபது சர்வர் வைத்திருப்பவர்கள் புரோமீதியஸில் எண்களைச் சேர்த்து கிராஃபனாவில் படமாகப் பார்க்கிறார்கள். ஒற்றை சர்வர்காரருக்கு அது வீண் சுமை என்பேன்.

பக்கம் திறந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்து. அடைத்துவைக்காவிட்டால், உங்களுக்குத் திறக்கிற முகவரி ஊருக்கே திறக்கும். என்னென்ன மென்பொருள் ஓடுகிறது, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உள்ளே நுழைய நினைப்பவனுக்கு வேவு பார்க்கும் வேலை மிச்சம். கிராஃபனாவிலோ ஆரம்பத்தில் பயனர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். மாற்றச் சொல்லிக் கேட்கும். மாற்றாமல் தாண்டிப் போகவும் விடும். ஆகவே நெட்டேட்டாவின் அமைப்புக் கோப்பில், 127.0.0.1 என்ற உள்முகவரிக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாற்றிவிட்டு, எஸ்எஸ்எச் டனல் வழியாகப் பாருங்கள். பலர் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்து, பாஸ்வேர்டும் எச்டிடிபிஎஸ்ஸும் போடுங்கள். ஃபயர்வால் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால், உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகள் அதைத் தடுப்பதில்லை. டாக்கர் ஐபிடேபிள்ஸில் தனக்கென வழி வெட்டிக்கொள்கிறது. விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடம் இது. கைபேசி டேட்டாவில் அந்த முகவரியைத் தட்டிப் பாருங்கள், வராமல் இருந்தால் சரி.

இனி எண்கள். நினைவகம் 90 சதவீதம் நிறைந்துவிட்டதே என்று பதறுபவர்கள் அதிகம். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ், கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளும். வேறு நிரல் கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். லோட் ஆவரேஜ் 4 என்றால் நான்கு கோர் சர்வருக்கு அது கைநிறைய வேலை, ஒற்றைக் கோருக்குத் திணறல். சிபியுவுக்கு வரிசையில் நிற்பவற்றோடு, டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் சேர்த்தே எண்ணும். எனவே லோட் ஏறியும் சிபியு ஓய்வாக இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். வாடகை விபிஎஸ் என்றால் 'ஸ்டீல்' என்ற கோட்டைக் கவனியுங்கள். உங்களுக்கு வர வேண்டிய சிபியு நேரம் அதே இயந்திரத்தில் குடியிருக்கும் மற்றவர்களுக்குப் போவதை அது காட்டிக்கொடுக்கும். அது தொடர்ந்து உயரத்தில் நின்றால் உங்கள் நிரலைக் குடைந்து பயனில்லை, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். டிஸ்க்கில் ஜிபி கணக்கோடு, கோப்புக்கு ஒன்று செலவாகும் ஐநோடு கணக்கும் உண்டு. குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு தீர்ந்துவிட்டால், பாதி இடம் காலியாக இருந்தும் புதுக் கோப்பு ஒன்றுகூட எழுத முடியாது.

நாள் முழுக்க கிராஃபைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. மின்னஞ்சலிலோ டெலிகிராமிலோ எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். டிஸ்க் 80 சதவீதம் தாண்டும்போதே வரட்டும். நான்கைந்து எச்சரிக்கை போதும், அதற்கு மேல் போனால் எதையும் படிக்க மாட்டீர்கள். சர்வர் விழுந்தால் அதற்குள் இருக்கும் கண்காணிப்பும் சேர்ந்தே விழும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்டைம் குமா போன்ற கண்காணிப்பு நிரல் ஒன்றை வேறு சர்வரில், முடிந்தால் வேறு நிறுவனத்திடம் வைத்து, நிமிடத்துக்கொருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். அதுவரை, சர்வர் விழுந்த செய்தி வாடிக்கையாளர் வாயிலாகத்தான் உங்களுக்கு வந்து சேரும்.