கொப்பியில் விடுபட்ட காலம்

நோயாளியின் நாடியைப் பற்றுமுன் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பதாகும். வாயுள்ள மனிதன் விடை கூறிவிடுவான். வாயற்ற மோட்டார் வண்டி யாது செய்யும்? அதன் சார்பில் பேசுதற்கென்றே, தம்பிலுவில் ஆசிரியனாகிய நான், என் பழைய ஜப்பானியக் காருக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன்.

பாடசாலையில் அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகம் எழுதுவதை ஆசிரியர்கள் அறிவர். இதுவும் அத்தகையதே. திகதி, ஓடிய தூரம், செய்த வேலை, மாற்றிய உறுப்பு, செலவு என ஐந்து நிரல்கள். எமது கடற்கரையின் உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிப்பதால், வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிய நாட்களும் அதிலே உண்டு. 2020இல் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டுகளில் கையிலுள்ள வண்டியைப் பேணுவதே என் போன்றோர்க்கு வழியாயிருந்தது.

இத்துணை ஒழுங்காக எழுதியும் நான் ஒரு பிழை விட்டேன். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வண்டி மாதக்கணக்காக முற்றத்தில் நின்றது. ஓடாத வண்டிக்குப் பராமரிப்பு எதற்கு என்றெண்ணிக் கொப்பியை மூடிவைத்தேன்.

2023 டிசெம்பர் விடுமுறையிலே குடும்பத்தோடு பண்டாரவளை சென்று திரும்பினோம். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வளைவுகளில் பிறேக்கை மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டியிருந்தது. திடீரெனப் பெடல் பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தது. பின்னாசனத்திலே பிள்ளைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலையோரமாக வண்டியை நிறுத்தினேன். கைகள் நடுங்கின. வெகுநேரம் ஆறவிட்டபின் பிறேக் ஒன்றும் நேராததுபோற் பிடித்தது! முதற் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

அக்கரைப்பற்றிலே என் வண்டியைப் பார்க்கும் காக்கா எதையும் உடனே கழற்றவில்லை. "கொப்பியத் தாங்க சேர்" என்றார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறேக் எண்ணெய் இறுதியாக மாற்றியது 2019 மார்ச்சில். அதன்பின் ஓடிய தூரமோ ஒன்பதினாயிரம் கிலோமீட்டர் மட்டுமே.

"தூரத்தப் பார்த்தீங்க; காலத்தப் பார்க்கல்லையே" என்றார் அவர்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்டி நின்றாலும் உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். மலையிறக்கத்திலே சூடேறியதும் குழாயினுள் ஆவி பிறக்கும். ஆவி அமுங்கும் தன்மையது. ஆகவே காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஆறியதும் ஆவி மறைந்து பெடல் பழைய நிலைக்கு மீளும். இதனாலேயே பெரும்பாலான வண்டிகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றச் சொல்கின்றனர்.

அன்றிரவு கொப்பியில் ஆறாவது நிரலொன்று கீறினேன்: "அடுத்த தவணை." அதிலே தூரமும் இருக்கும், திகதியும் இருக்கும், எது முந்துகிறதோ அதுவே தவணை. வண்டி சும்மா நின்ற மாதங்களையும் இப்போது "ஓடவில்லை" என்று தவறாது எழுதுகிறேன்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, இன்று மாலையே ஒரு கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில், பிறேக் எண்ணெய் இறுதியாக மாற்றிய திகதியை எழுதுங்கள். அது நினைவுக்கு வரவில்லையாயின், நாளைக் காலையிலேயே மாற்றிவிட்டு அத்திகதியை எழுதுங்கள்.