சோகமான நாய்க்குட்டிக்கு ஒரு காவல்

2006 கோடையில் லெபனான் போர் மூண்டபோது, வட இஸ்ரேலிலிருந்து இடம்பெயர்ந்த சில குடும்பங்கள் ஒரு முகாமில் தங்கின. அங்கே பயத்தில் மிரண்டிருந்த 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் உளவியலாளர் அவி சாதேயின் குழு ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்தது. வாடிய முகம், கழுத்தைக் கட்டிக்கொள்ள நீண்ட கைகள். வீட்டைப் பிரிந்து வந்த இதற்கு நண்பர்கள் இல்லை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

நாயோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடுதலாகத் தணிந்தது.

பிறகு, இரவில் பயப்படும் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சிலரிடம் ‘நீ இதைப் பார்த்துக்கொள்’ என்றும், சிலரிடம் ‘இது உன்னைக் காக்கும்’ என்றும் சொல்லப்பட்டது. இரண்டுமே பலித்தன!

இதில் பெற்றோருக்கு நல்ல சேதி இருக்கிறது. நாலு வயதில் கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையிலான கோடு மெல்லியது. ‘கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை’ என்ற வாதம் அங்கே எடுபடாது. அதே கற்பனையைத் துணைக்கு அழைக்கலாம். பொம்மைக்குப் போர்த்திவிடும் பிள்ளை, தானும் தைரியமாகப் படுக்கிறது. பயம் வாரக்கணக்கில் நீடித்து, பகலையும் கெடுத்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் போவது அவசியம்.