வீக்கம் வடிந்தால் குணமாகிவிடுமா?

பொங்கல் வந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடி ஆட்டம் களைகட்டும். பாடிச் சென்ற இளைஞன் பிடியிலிருந்து தப்பச் சட்டெனத் திரும்புகிறான். பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முழங்காலில் 'டப்' என்று ஓர் ஓசை; விழுந்துவிடுகிறான். சில மணி நேரத்தில் மூட்டு வீங்குகிறது. "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவி உருவிவிடுகின்றோம். சில வாரங்களில் வீக்கம் வடிய, குணமாயிற்று என்று மகிழ்கின்றோம். தவறு இங்கேதான் நேர்கிறது.

தொடை எலும்பைக் கீழ்க்கால் எலும்புகளோடு பிணைப்பவை முக்கியமாக நான்கு தசைநார்கள். 'ஜவ்வு' என்று நாம் சொல்வது இவற்றையும் சேர்த்துத்தான். இரண்டு மூட்டின் பக்கங்களில் உள்ளன; மற்ற இரண்டு உள்ளே குறுக்காக அமைந்துள்ளன. இவற்றுள் முன் குறுக்குத் தசைநார் அறுந்தால், மூட்டினுள் இரத்தம் கசிந்து விரைவில் வீங்கும். வீக்கம் வடிந்தாலும், முற்றிலும் அறுந்த இந்நார் தானாக ஒட்டுவது அரிது. வரப்பில் திரும்பும்போதும் படி இறங்கும்போதும் முழங்கால் நழுவுவதே அதன் அடையாளம். அவ்வாறு நழுவுந்தோறும் உள்ளிருக்கும் குருத்தெலும்பும் சேதமுறக்கூடும்.

எக்ஸ்ரே எலும்பு முறிவைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. மருத்துவர் முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். 'லாக்மன் சோதனை' எனப்படும் இது கையாலேயே உண்மையை உணர்த்திவிடும். ஐயம் தீர எம்.ஆர்.ஐ. படம் உதவும்.

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்து, மிதமாகக் கட்டி, காலை உயர்த்தி வைக்கலாம். உருவுதலும் இறுக்கிக் கட்டுதலும் வேண்டா. பாதம் மரத்தாலோ குளிர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உட்பக்கத் தசைநார்க் காயம் பெரும்பாலும் மூட்டுப் பட்டையாலும் பயிற்சியாலும் ஆறும். முன் குறுக்குத் தசைநார் அறுந்த அனைவருக்கும் அறுவை தேவையில்லை. மீண்டும் ஆட விரும்புவோருக்கும், பயிற்சிக்குப் பின்னும் கால் நழுவுவோருக்கும், தொடையின் பின்புற நாணை எடுத்துச் சிறு துளைகள் வழியே பொருத்துவர். அதன்பின் ஒன்பது மாதங்களேனும் பொறுத்துப் பயிற்சி செய்யாமல் களமிறங்கினால், மீண்டும் அறுபட இடமுண்டு.

பெற்றோரே, செலவுக்கு அஞ்சி வாளாவிருக்க வேண்டா. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு உள்ளது. நாளை ஏர்பிடிக்கவும் சுமை தூக்கவும் வேண்டிய கால் அது. வலி நின்றதா என்று கேட்பதோடு நில்லாமல், கால் உறுதியாக நிற்கிறதா என்றும் மகனிடம் கேட்போம்.